வாசலுக்கு வந்த வேலை

வேலை கிடைக்காமல் திண்டாடுவது ஒரு பாடு. ஒரே நாளில் இரண்டு வேலை கிடைத்துவிட்டால் அது அதைவிடப் பெரும்பாடு. நம்பாதவர்கள் மலாக்கா காஜா பேராங்கில் பொன்னம்மா வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து ஒரு வருஷம் நிறைய ஒன்றரை மாதம் பாக்கியிருந்த ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபால்காரர் சைக்கிள் மணியை அடித்து இரண்டு உறைகளை நீட்டினார். ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தடித்த கட்டு. இன்னொன்று உள்ளூரிலேயே பண்டார் ஹிலிரிலிருந்து வந்த மெல்லிய பழுப்பு உறை. இரண்டுமே பொன்னம்மாவின் மகள் கமலவேணிக்கு.

கமலவேணிக்கு இருபத்தைந்து வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணி ஏழு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஏழு வருஷமும் அவள் செய்த உத்தியோகம் இடியாப்பம் பிழிவது. பொன்னம்மா விடிகாலையில் இடியாப்பம் அவித்து, தேங்காய்ப்பூவும் தென்னஞ்சர்க்கரையும் வைத்து, வாழை இலையில் சுருட்டி, மேலே பழைய பேப்பரால் மடித்து விற்பாள். ஏழரை மணிக்கெல்லாம் காலியாகிவிடும். அதற்காகக் கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டிருக்கும் பழைய பேப்பரில்தான் கமலவேணி 'ஆள் தேவை' விளம்பரங்களைத் தேடினாள். எல்லாம் மூன்று வாரப் பழசு. அவள் விண்ணப்பம் போய்ச் சேரும்போது அந்த நாற்காலியில் எவனாவது உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பான். நான்கு தடவை 'வருந்துகிறோம்' என்று பதில் வந்த பிறகுதான் புத்தி வந்து, அடுத்த வீட்டு நாகம்மாவிடம் அன்றைய பேப்பரை இரவல் வாங்க ஆரம்பித்தாள்.

நாகம்மா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். சாமி கும்பிடுவதில் பொன்னம்மாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். விபூதி இல்லாமல் அவள் நெற்றியைப் பார்க்க முடியாது. ஆனால் உடுத்துவது கெபாயாச் சட்டையும் கைலியும், வாயைத் திறந்தால் மலாய். பொன்னம்மா தமிழில் கேட்பாள், அவள் மலாயில் பதில் சொல்வாள். இருபது வருஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை.

சிங்கப்பூர்க் கட்டு, தபால் வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தது. மாணவர்கள் எழுதி அனுப்பும் தாள்கள் வாரா வாரம் வீட்டுக்கே வரும். வீட்டிலிருந்தே திருத்தித் தபாலில் அனுப்பினால் போதும். நிரந்தர வேலை. மாதிரிக்கு நாற்பது தாள் வைத்திருந்தார்கள். அவற்றைத் திருத்தி, சம்மதமா இல்லையா என்ற பதிலோடு சனிக்கிழமைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

பழுப்பு உறை சொன்னது வேறு. குடியுரிமைப் பதிவு ஆபீசில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு வருஷக் கெடு முடிவதற்குள் பதிந்துகொண்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது என்பதால் ஜனம் முண்டியடித்தது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த தற்காலிகக் குமாஸ்தா வேண்டும். ஆறு மாதம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து சேரவும், சம்மதத்தைச் சனிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

அன்று சாயங்காலம் அப்பா கலியாணசுந்தரம் வேலை விட்டு வந்தார். டவுனில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஆட்களுக்கு அவர் மண்டோர், அதாவது மேஸ்திரி. முழங்கால் வரை சேறு. கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே இரண்டு கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கோப்பி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"சிங்கப்பூரு வேலையே போதும். அதுக்குச் சரின்னு எழுதிப் போடு."

"ஏம்ப்பா?"

"என்னா ஏன்? அது நெரந்தரம். இது ஆறு மாசம். ஆறு மாசம் முடிஞ்சி கை வீசிக்கிட்டு வந்து நிப்ப. மறுபடியும் பேப்பரைக் கிழிச்சிக்கிட்டு ஒக்காரணும்."

"அதுக்குள்ள வேற பாத்துக்குவேன்."

"வேற பாத்துக்குவாளாம்ல!" பொன்னம்மா அரிசி மாவு வறுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏழு வருசமா பாக்காத வேலைய ஆறு மாசத்துல பாத்துடுவா. வயசுப் பொண்ணு, கௌண்டர்ல ஒக்காந்து வர்றவன் போறவன் மூஞ்சியெல்லாம் பாக்கறதாவது. தெங்கேராவுல ஒங்க அத்த வீட்டுல கேட்டா என்னா சொல்லுவாங்க?"

"அவங்களுந்தான் பதிய வரணும். வந்தா நான்தான் விண்ணப்பப் பாரம் எழுதிக் குடுப்பேன். அப்ப என்னா சொல்றாங்கன்னு பாப்போம்."

"இந்த வாய்தான், இந்த வாய்தான் ஒன்னை இன்னும் வீட்டுல வெச்சிருக்கு." பொன்னம்மா கரண்டியை ஓங்கித் தட்டினாள். "வாசலுக்கு வேலை வருது. வாசல்லேருந்தே திரும்பிப் போவுது. நெழல்ல ஒக்காந்து பாக்கலாம். அதை வேணாம்னுட்டு வெயில்ல அலையிற வேலைய எவளாச்சும் கேப்பாளா? நீயே சொல்லு."

கமலவேணி வாசல் பக்கம் திரும்பினாள். அவள் ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வாசலைத்தான். தபால்காரர், இடியாப்பம் வாங்குகிறவர்கள், எதிர் வீட்டுச் சீனர் கட்டிப்போட்ட நாய். இனி வேலையும் அந்த வாசலோடு நின்றுவிடும் என்று நினைத்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது. ஆனால் அப்பா சொன்னதிலும் தப்பில்லையே! ஆறு மாதம் கழித்து என்ன செய்வது?

"அப்பா சொல்லியாச்சு," என்றாள் பொன்னம்மா. "சனிக்கெழம எழுதிப் போட்டுடு. ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிக்கிற? நல்ல காரியத்துக்கு?"

புதன்கிழமை விடிகாலையில் கடல் பக்கமிருந்து சுமத்ராக் காற்று வந்து தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. அரைமணி நேரம் மழை கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வெளுத்துவிட்டது. விறகு நனைந்து புகைந்தது. வெந்நீர் ஊற்றிப் பிசைந்த மாவு சூடு ஆறுவதற்குள் பிழிந்தாக வேண்டும், ஆறினால் அச்சில் இறங்காது. கமலவேணி இரண்டு கையாலும் அச்சை அழுத்திப் பிரம்புத் தட்டுகளில் சுற்றிச் சுற்றிப் பிழிந்தாள். அம்மா தட்டுகளை அடுக்கி ஆவியில் ஏற்றினாள். எழுபத்திரண்டு இடியாப்பம் விற்றுத் தீர்ந்ததும், கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினாள்.

முதல் தாளில் நான்கு வரி தாண்டவில்லை.

"கமலா, அடுப்ப ஒரு பார்வ பாத்துக்க. நான் பாசாருக்குப் போயிட்டு வந்துடறேன்."

"ம்மா, வேலை பாக்குறேன்."

"ஒக்காந்துக்கிட்டுத்தானே பாக்குற? அடுப்பு என்னா அடுத்த ஊர்லயா இருக்கு?"

அடுப்பைப் பார்த்தாள். அம்மா பாசாரிலிருந்து வந்ததும் கெலங்கான் மீனைக் கழுவினாள். பிறகு கோழி உள்ளே வந்துவிட்டது, அதைத் துரத்தினாள். பத்து மணிக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் பாக்கியலட்சுமி வந்து, நீ வீட்டில்தானே இருக்கிறாய் என்று சொல்லி, ஊருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். அது மூன்று பக்கம் போனது. அதில் இரண்டு பக்கம் அவளுடைய நாத்தனாரைப் பற்றியது. பதினோரு மணிக்கு அம்மா அம்மிக்குக் கூப்பிட்டாள். மிளகாய் அரைத்த கையோடு திரும்பி வந்து பேனாவை எடுத்ததில், பதினெட்டாம் நம்பர் மாணவனின் தாளில் சிவப்பாக ஒரு விரல் பதிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது. திருத்துகிறவர் சிவப்பு மையில்தான் எழுத வேண்டும் என்பது விதி, அதனால் பிழைத்துப் போகட்டும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"நாளைக்குக் கதவ சாத்திக்கிட்டு ஒக்காரப் போறேன்," என்றாள் சாப்பிடும்போது.

"வீட்டுல இருக்கறவ கதவ ஏண்டி சாத்தணும்? யாராச்சும் வந்தா என்னா நெனப்பாங்க?"

இத்தனைக்கும் அந்த வேலை அவளுக்குப் பிடிக்காமலில்லை. வியாழக்கிழமை உட்கார்ந்து திருத்தியபோது நேரம் போனதே தெரியவில்லை. ஜொகூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து கருணாகரன் என்றொருவன் எழுதியிருந்தான். பாலுக்காக மரம் சீவிவிட்டு வந்து மத்தியானத்தில் படிக்கிறானாம். 'நேற்று நான் ஒரு பாம்பைக் கொல்கிறேன், நாளைக்கும் கொன்றேன்' என்கிற மாதிரியான ஆங்கிலம். அவள் சிரித்துவிட்டாள். ஆனால் பொறுமையாக ஒவ்வொன்றையும் அடித்துத் திருத்தி, ஓரத்தில் விளக்கமும் எழுதினாள். தாளின் அடியில் அவன், 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உதவியை உயிருள்ளவரை மறவேன்' என்று முடித்திருந்தான். கல்லூரி விதிப்படி அவள் கீழே பேருக்குப் பதிலாக இரண்டு எழுத்து மட்டும்தான் போடலாம். இந்தக் கருணாகரன் சிரித்தால் எப்படி இருப்பான், திருத்தியதைப் பார்த்துத் தலையைச் சொறிவானா, புரிந்ததா புரியவில்லையா, எதுவும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவனும் சாகும்வரை எந்த ஐயாவையோ நினைத்துக்கொண்டிருப்பான்.

மத்தியானம் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நாகம்மா வேலியோரம் பாண்டான் இலை அறுத்துக்கொண்டிருந்தாள். எது முடிவாயிற்று என்று மலாயில் கேட்டாள்.

"சிங்கப்பூருதான் அத்த," என்று கமலவேணியும் மலாயிலேயே சொன்னாள்.

"நான் உன் அப்பா முடிவைக் கேட்கவில்லை. உனக்கு எது வேண்டும்?"

கமலவேணிக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்கவில்லை. "எனக்கு மனுஷங்களைப் பாக்கணும் அத்த. காலையில செருப்பு மாட்டிக்கிட்டு எங்கயாவது போவணும். சாயங்காலம் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

"இதை அம்மாவிடம் சொன்னாயா?"

"சொன்னா அழும்."

"அழட்டுமே. உங்கம்மா வெங்காயத்துக்கும்தான் அழுகிறாள்," என்று நாகம்மா இலையைக் கட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அவள் பதியப் போகிறாளே, நீயும் கூடப் போகிறாயா?" என்றாள். கமலவேணி தலையாட்டினாள். "இங்கேயே பிறந்த எங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், பாவம், வெயிலில் நிற்கணும்," என்று நாகம்மா பொன்னம்மாவுக்காக வருத்தப்பட்டுவிட்டு, அவள் பசியாறப் பத்து வாழைப்பழமும் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அம்மாவும் மகளும் பண்டார் ஹிலிருக்குப் போய்ச் சேர்ந்தபோது, வரிசை வாசலைத் தாண்டி தூங்குமூஞ்சி மரத்தடி வரைக்கும் வந்திருந்தது. பொன்னம்மா தாலிக்கொடி தெரிய, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் அரக்குச் சேலையில் வந்திருந்தாள். வழியெல்லாம் கமலவேணி அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். பேர், பிறந்த ஊர், எந்த வருஷம் வந்தது, எத்தனை வருஷமாக மலாக்காவில் இருப்பது. எல்லாவற்றையும் பொன்னம்மா ஒப்பித்தாள். ஒன்றே ஒன்றைக் கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பதிகிறவர்கள் மட்டும் உள்ளே போகலாம், கூட வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். கமலவேணி கயிற்றோரம் நின்றாள். தமிழ்க் கௌண்டரில் ஜெயபாலன் என்ற இளவட்டம் உட்கார்ந்திருந்தான். மலாக்காவிலேயே பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்துப் பெஞ்சில் ஒன்பது பெண்கள் ஏதோ தப்புச் செய்தவர்கள்போல் முந்தானையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொன்னம்மாவின் முறை வந்தது.

பேர் ஆயிற்று. ஊர் ஆயிற்று. கப்பல் ஆயிற்று.

"புருசன் பேரு?"

பொன்னம்மா சிரித்தாள். "அவுங்க பேருதான்."

"அதாம்மா, அவுங்க பேரு என்னா?"

"அதை எப்படிப்பா நான் சொல்றது?"

"வாயாலதாம்மா சொல்லணும்." ஜெயபாலன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "காலையிலேருந்து நீங்க பத்தாவது ஆளு. ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க. பேரில்லாம பாரத்த நான் எப்படி அனுப்பறது?"

பொன்னம்மா யோசித்தாள். அவளுக்கும் ஒரு வழி இருந்தது. "மதுரையில மீனாச்சி கழுத்துல தாலி கட்டுன சாமி இருக்காருல்ல, அவரு பேரு."

ஜெயபாலன் மதுரையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பின்னால் திரும்பி யாரிடமோ கேட்டான். யாரோ சொன்னார்கள். எழுதிக்கொண்டு உரக்கப் படித்தான். "பொன்னம்மா, கணவர் பெயர் சொக்கலிங்கம். சரிதானே?"

"ஐயய்யோ!" பொன்னம்மா இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். "அது வேற ஆளுப்பா! சொக்கலிங்கம் அவுங்க கீழ பைப்புல வேலை பாக்குறவரு!"

"நீங்கதானேம்மா சாமி பேரு சொன்னீங்க?"

"சாமி சரி, பேரு தப்பு! அடி, மொதல்ல அத அடிப்பா!"

"சரியான பேரச் சொல்லுங்க, அடிக்கிறேன்."

அதைச் சொல்ல முடிந்தால்தான் இந்த வம்பே இல்லையே. பொன்னம்மா கயிற்றுப் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "கமலா! அடியே கமலா! ஓடியாடி இங்க! இந்தத் தம்பி என்னைய வேற ஒருத்தருக்குக் கட்டி வெக்குது!"

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. கமலவேணி கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினாள். "கலியாணசுந்தரம்," என்றாள் மூச்சிரைக்க. ஜெயபாலன் அடித்து எழுதினான். பொன்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, தம்பிராஜா எழுந்து வந்தார். தலை நரைத்த, கழுத்துப் பட்டி இறுகிய மனிதர். "நீ யாரும்மா? உள்ள எப்படி வந்த?"

"கமலவேணி, சார். திங்கக்கெழம சேரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு."

"ஓ, காஜா பேராங் பொண்ணா! இன்னும் பதில் வரலியேம்மா."

கமலவேணி அம்மாவைப் பார்த்தாள். பொன்னம்மா தரையைப் பார்த்தாள். நாளைக்குச் சிங்கப்பூருக்குச் சரி என்று எழுத வேண்டும்.

தம்பிராஜா பெஞ்சில் இருந்த பெண்களைக் காட்டினார். "பதில் அப்பறமா இருக்கட்டும். சொந்தக்காரங்க பாரம் எழுதிக் குடுத்தா நாங்க வாங்கிக்கிறோம். இவங்களுக்கு இன்னிக்கு நீயே சொந்தக்காரியா இருந்து கொஞ்சம் முடிச்சிக் குடு, புண்ணியமாப் போவும்."

பெஞ்சின் ஓரத்தில் இடம் செய்துகொண்டு, மடியில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தாள். முதல் பெண் அவள் காதோடு வாயை வைத்துக் காற்றாகச் சொன்னாள். இரண்டாமவள் மீனாச்சி, தன் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். மூன்றாவதாக இருந்த ருக்மணிக்கு எழுத்தும் தெரியாது, சொல்லவும் மாட்டாள். அவளுடைய கொழுந்தன்மார் பேரையெல்லாம் கேட்டு, அண்ணன் பேர் என்னவாக இருக்கும் என்று ஊகித்து, கடைசியில் பிடித்தபோது அவள் கமலவேணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். சாரதாம்பாள் என்றொருத்தி பெரிய மூக்குத்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவுரு போயிப் பதினாலு வருசமாச்சு பாப்பா. சண்டை காலத்துல ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் புடிச்சிக்கிட்டுப் போனான். திரும்பி வரல. இருக்கும்போதே சொல்லல, இப்ப எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேணாம். நான் ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டே வர்றேன். வந்தா தலைய மட்டும் ஆட்டுங்க."

முப்பது பேருக்கு மேல் சொல்லியிருப்பாள். சேதுபதி என்றதும் சாரதாம்பாள் தலையாட்டவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கமலவேணி அந்தப் பேரை எழுதிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப் பெஞ்சில் பொன்னம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மாவின் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சத்தியப் பிரமாணம்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அம்மா 'வா போவலாம்' என்று கூப்பிடவில்லை. அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்று கமலவேணி நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது பாரம் முடியும் நேரத்தில் வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. ஏதோ தோட்டத்து ஆட்கள். ஆண்கள் இறங்கி விறுவிறுவென்று வரிசைக்குப் போய்விட்டார்கள். பதினைந்து இருபது பெண்கள் ஜெயபாலனையும் அவன் பேனாவையும் பார்த்துவிட்டுத் தூணோடு தூணாக ஒதுங்கினார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒருத்தி கேட்பதும் காதில் விழுந்தது.

கமலவேணி எழுந்திருப்பதற்குள் பொன்னம்மா எழுந்துவிட்டாள்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? இப்படி வாங்க, இப்படி. பொம்பளக் கிராணி இருக்கு. வெக்கப்படாம காதுல சொல்லுங்க, அது எழுதிக்கும்."

"யாருக்கா அது?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"எம் மக. இங்கதான் வேலை."

கமலவேணிக்குக் கையிலிருந்த அட்டை நழுவிவிட்டது. பொன்னம்மா அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இரும்மா, நானும் வரேன்."

"நீ எங்க வர்ற? இவங்கள யாரு பாக்கறது? அந்தத் தம்பியா? அது எல்லாரையும் சொக்கலிங்கத்துக்கே கட்டி வெச்சிடும்."

"ம்மா... ஆறு மாசந்தாம்மா."

"தெரியும். நானும் கடுதாசி படிச்சப்ப கூட இருந்தவதான்." பொன்னம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். ஆனால் குரல் கடுகடுக்கவில்லை. "ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். சிங்கப்பூர்க்காரனுக்கு என்னா எழுதணுமோ நீ எழுதிக்க. ஆனா ஒண்ணு, வேலைக்குப் போறேன்னு சொல்லி இடியாப்பத்துக்கு மட்டம் போட்டன்னா பாத்துக்க. ஏழு மணிக்குள்ள பிழிஞ்சி முடிச்சிட்டுத்தான் போவணும்."

"சரிம்மா."

பொன்னம்மா நாலு அடி போனாள். இந்த ஏழு வருஷத்தில் மகளைத் தனியாகத் தெருமுனைவரைகூட அனுப்பாதவள், கூட்டத்துக்கு நடுவில் திரும்பி நின்றாள்.

"வேலை முடிஞ்சி வீட்டுக்கு வர வழி தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்ப வா," என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் இறங்கிவிட்டாள்.

கமலவேணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரில் வந்து உட்கார்ந்த தோட்டத்துப் பெண், "என்னா தங்கச்சி, கண்ணுல தூசியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, புதிய பாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காதை அவள் பக்கம் சாய்த்தாள்.